காவற்காரன் வந்த கதை

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, என் தமக்கையின் மகள் அழாத குறையாக என் அறைக்குள் வந்து நின்றாள். மறுநாள் காலை அவளுக்குப் பரீட்சை. அனுமதிச் சீட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி அச்செடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால், கோப்பைத் தடுத்துவிட்டதாக ஒரு வரி சொல்லிவிட்டுப் பிரௌசர் சும்மா இருந்துவிட்டது.

"மாமா, பாதுகாப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இறங்கிவிடுமாம். சிநேகிதி சொல்கிறாள். அணைத்துவிடட்டுமா?"

"கொஞ்சம் பொறு அம்மா" என்றேன். வாசலில் இந்தக் காவற்காரன் வந்து சேர்ந்தது ஒரு சரித்திரம். அதைப் பாதி அறிந்தவர்கள்கூட அவனை அவ்வளவு சுலபமாக வேலையை விட்டு நீக்க மாட்டார்கள்.

ஆதியில் காவற்காரன் கிடையாது. 1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜினீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரௌசரை உருவாக்கினார். விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளவே அது பிறந்தது. தெரிந்தவர்கள் மட்டுமே குடியிருக்கும் தெருவில் கதவைத் தாழிடுவார் உண்டா? 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையிலிருந்து மொஸைக் என்னும் பிரௌசர் வந்தது. அதன்பின் அந்தச் சிறு தெரு பெரிய பட்டணமாயிற்று. வீடுகளின் கதவுகள் மட்டும் முன்போலவே திறந்து கிடந்தன.

திருடன் காதலன் வேஷத்திலும் வந்தான் என்றால் சிரிக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, "ஐ லவ் யூ" என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. கூடவே ஒரு காதல் கடிதம். பெயரைப் பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் இருந்தது. விண்டோஸ் அந்த வாலை வழக்கம்போல் மறைத்துவிட்டது. திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் படங்கள் அழிந்தன. அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் பறந்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டும் அமெரிக்க ராணுவத் தலைமையகமும் தங்கள் அஞ்சல் யந்திரங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது.

அந்தக் கடிதம் இன்னொரு காரியமும் செய்தது. பிரௌசரின் முதற் பக்கத்தையே மாற்றி, கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு கோப்பைத் தானாக இறக்கிக்கொள்ளச் சொன்னது. அந்தத் திருட்டுக் கோப்புக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? "பிழை திருத்தி!" கடிதம் புறப்பட்ட இடம் பிலிப்பைன்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த நாட்டில் அப்போது இத்தகைய குற்றத்துக்குச் சட்டமே இல்லை. வழக்குக் கைவிடப்பட்டது.

கடிதத்தையாவது மனிதன் கையால் திறந்தான். 2004 ஜூனில் நடந்தது அதைவிட மோசம். நம்பத் தகுந்த சில தளங்களுக்குள்ளேயே கயவர்கள் புகுந்து நஞ்சை வைத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைப் பார்த்த குற்றம் ஒன்றே போதும், கேடு தானாக வந்து இறங்கிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பெரிய திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நாம் கேளாத கோப்பு இறங்க முயன்றால், பக்கத்தின் தலைமாட்டில் மெல்லிய பட்டை தோன்றி, "தடுத்திருக்கிறேன்" என்றது. வெளியிலிருந்து வரும் கோப்புகளின் மேல் "இது அந்நியன்" என்று கண்ணுக்குத் தெரியாத சீட்டும் ஒட்டியது. காவற்காரன் வேலையில் சேர்ந்துவிட்டான்!

அந்தப் பிரௌசர் 2022-இல் ஓய்வு பெற்றுவிட்டது. காவற்காரன் ஓய்வு பெறவில்லை. பிற பிரௌசர்களும் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டன. 2020-இல் கூகிளின் குரோம் புதிய விதி ஒன்றை அறிவித்தது. பக்கம் முத்திரையிட்ட உறைபோல் பத்திரமாக வந்து, அதிலுள்ள கோப்பு மட்டும் யாரும் படிக்கக்கூடிய தபால் கார்டுபோல் வந்தால், படிப்படியாக அதைத் தடுப்பது என்பதே அந்த விதி. வழியில் எவனாவது கோப்பை மாற்றி வைத்துவிடலாம் அல்லவா?

காவற்காரனிடம் ஒரு குறை உண்டு. விருந்தாளியையும் சில சமயம் நிறுத்திவிடுவான். அப்போது அவனை அடித்துத் துரத்தாமல், "ஏனப்பா நிறுத்தினாய்?" என்று கேட்பதுதான் முறை.

நாங்களும் கேட்டோம். தளத்தின் முகவரி சரியானதுதானா? சரிதான். வருவது நாம் கேட்ட பி.டி.எஃப். கோப்புத்தானா, அல்லது தானாக ஓடும் மென்பொருளா? பி.டி.எஃப்.தான். பிறகு, கோப்பின் முகவரியைத் தனியே எடுத்துப் பார்த்தேன். பக்கம் "எச்.டி.டி.பி.எஸ்." என்று தொடங்கிற்று. கோப்போ பழைய "எச்.டி.டி.பி." அலுவலகத்தில் யாரோ ஒருவர் மாற்ற மறந்த ஓர் எழுத்து! அந்த 'எஸ்'ஸைச் சேர்த்துத் தட்டினேன். சீட்டு இறங்கிற்று.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள்.

"இவ்வளவுதான். ஆனால் நீ அணைத்திருந்தால் காவல் இந்த ஒரு சீட்டுக்கு மட்டுமா போயிருக்கும்? நாளைக்கு 'பிழை திருத்தி' வந்தால் வாசலில் யார் நிற்பார்கள்?"

அவள் பதில் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள்.