ழான் மோரோ
மோரோ, ழான் (1928–2017): பிரெஞ்சு நடிகை. பாரிஸில் பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலேய நர்த்தகிக்கும் பிறந்து, 1947இல் கொமெதி பிரான்சேஸ் நாடக சபையில் சேர்ந்து, மேடையில் கீர்த்தி பெற்ற பின்னரும் திரையில் பெரும்பாலும் சாமானிய வேஷங்களையே ஏற்று வந்த இவரை, ஒப்பனை பூசாத முகத்தோடு இரவு வீதிகளில் கடைவிளக்குகளின் வெளிச்சத்திலேயே நடக்கவிட்டுப் படம்பிடித்து, 1958இல் உலகுக்குக் காட்டியவர் லூயி மால் என்னும் இளம் இயக்குநரே ஆவார். அலங்காரம் விலகிய அம்முகத்தில் மனத்தின் சஞ்சலங்கள் யாவும் பிரத்தியட்சமாயின. இவரது கலையின் ரகசியம் அதுவே எனலாம். 1960இல் கான் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றார். த்ரூஃபோவின் ‘ழூல், ழிம்’ (1962) படத்தில், நண்பர் இருவரின் பிரேமைக்கும் பாத்திரமாகி ஒருவருக்கும் வசப்படாத கதரீனாக நடித்ததே இவரது சிகரம். அந்தோனியோனி, பூனுவல், ஆர்சன் வெல்ஸ் ஆகியோரின் படங்களிலும் நடித்தார். 1976இல் ‘லூமியேர்’ படத்தைத் தாமே இயக்கினார்.