அனுமதி இலவசம்!

ஒரே ஊர். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஓவியக் கண்காட்சிகள். ஒன்று, அதற்காகவே கட்டப்பட்ட புத்தம் புதிய கல் மாளிகையில். இன்னொன்று, அங்கிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய தூரத்தில், குறுகலான மாடிப்படியும் தாழ்ந்த கூரையும் கொண்ட ஒரு பழைய கட்டடத்தில். முதலாவதில் இருப்பவை எல்லாம் 'நல்ல' படங்கள், போய்ப் பார்த்துப் பூரித்துப் போங்கள் என்றது அரசாங்கம். இரண்டாவதில் இருப்பவை எல்லாம் 'கேடுகெட்ட' படங்கள், போய்ப் பார்த்துக் காறித் துப்புங்கள் என்றது அதே அரசாங்கம்.

எதில் கூட்டம் அலைமோதியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நீங்கள் நினைத்தது சரிதான்!

வருடம் 1937, ஜூலை மாதம். ஊர், ஜெர்மனியின் மியூனிக். அரசாங்கம் யாருடையது என்று சொல்லவே வேண்டியதில்லை.

ஹிட்லருக்கு ஓவியம் என்றால் கொஞ்சம் பழைய கணக்கு உண்டு. 1907-லும் 1908-லும் வியன்னா கலைக் கல்லூரியின் கதவைத் தட்டி, இரண்டு முறையும் 'போய் வா தம்பி' என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆசாமி அவர். அப்புறம் தெருக்களையும் கட்டடங்களையும் பார்த்துப் படம் வரைந்து விற்றுத்தான் கொஞ்ச காலம் வயிற்றைக் கழுவினார். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு நாடே வந்து சேர்ந்தால் சும்மா இருப்பாரா? 1933-ல் பதவிக்கு வந்த அதே வருடம் மியூனிக்கில் 'ஜெர்மன் கலை மாளிகை'க்கு அடிக்கல் நாட்டினார். சம்பிரதாயமாகக் கல்லில் தட்டியபோது கையிலிருந்த வெள்ளிச் சுத்தியல் படக்கென்று உடைந்துபோனது. சகுனம் பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, வெளியே சொல்லவில்லை. ஆனால் மியூனிக்காரர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி. வரிசையாகத் தூண்கள் நிற்கும் அந்தக் கட்டடத்துக்குத் தங்கள் ஊர் ஸ்பெஷல் பலகாரமான வெள்ளை சாஸேஜின் பெயரைச் சூட்டி, 'சாஸேஜ் கோயில்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலை 18-ம் தேதி அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். ஹிட்லர் பேசினார். வானத்தைப் பச்சையாகவும் புல்வெளியை நீலமாகவும் வரைகிற ஓவியர்களுக்கு நிஜமாகவே கண்ணில் கோளாறு என்றால், அது அவர்கள் வம்சத்துக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது உள்துறை அமைச்சகத்தின் வேலை. வேண்டுமென்றே அப்படி வரைந்து ஏமாற்றுகிறார்கள் என்றால், அது கிரிமினல் கோர்ட்டின் வேலை என்கிற ரீதியில் போனது பேச்சு. கூட்டம் கை தட்டியது.

மறுநாள், ஜூலை 19. இரண்டாவது கண்காட்சி திறந்தது. பெயர், 'சீரழிந்த கலை'.

இதன் ஏற்பாடுகள் நடந்த வேகம் இருக்கிறதே, அது தனிக் கதை. பிரசார மந்திரி கோயபல்ஸ் உத்தரவு போட்டது ஜூன் 30-ம் தேதி. அடால்ஃப் சீக்ளர் என்ற ஓவியர் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் புகுந்து, இது வேண்டும், அது வேண்டும் என்று கை காட்டியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, 32 அருங்காட்சியகங்களிலிருந்து 112 கலைஞர்களின் சுமார் 650 படைப்புகள் மியூனிக் வந்து இறங்கிவிட்டன. இத்தனைக்கும் அந்த 112 பேரில் யூதர்கள் வெறும் 6 பேர்தான். ஆனால் 'இதெல்லாம் யூதர்கள் செய்த சதி' என்று சுவரில் எழுதுவதற்கு அந்தக் கணக்கு யாருக்கும் தடையாக இல்லை.

வாருங்கள், நாமும் உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம். காசு வேண்டாம், அனுமதி இலவசம். 18 வயது ஆகாதவர்களுக்கு மட்டும் அனுமதி கிடையாது. இந்த ஒரு வரி போதாதா, கூட்டம் சேர்வதற்கு!

மாடிப்படி ஏறியதும் மரத்தில் செதுக்கிய பெரிய இயேசு சிலை நம்மை எதிர்கொள்கிறது. லுட்விக் கீஸ் என்ற சிற்பி செய்தது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாகச் செய்யப்பட்டு, லூபெக் நகரத்துத் தேவாலயத்தில் இருந்தது. நேற்றுவரை அதன் முன்னால் ஜனங்கள் மெழுகுவர்த்தியும் கண்ணீருமாக நின்றிருக்கக் கூடும். இன்று அது பார்த்துச் சிரிக்க வேண்டிய பொருள்.

உள்ளே போனால் சந்தைக்கடை மாதிரி ஒரே நெரிசல். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு படங்கள். சிலவற்றுக்குச் சட்டமே இல்லை. சில கயிற்றில் தொங்குகின்றன. கோணல்மாணலாகச் சுவர் முழுக்கக் கேலி வாசகங்கள். எந்த மகா ஓவியத்தையும் இப்படி மாட்டினால் அசிங்கமாகத்தான் தெரியும் என்பது ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இப்போது உங்களை ஒரு சின்னச் சீட்டின் முன்னால் நிறுத்தப் போகிறேன். படங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். பல படங்களுக்குப் பக்கத்தில் ஒரு விலைச் சீட்டு. இந்தப் படத்துக்கு இந்த அருங்காட்சியகம் இத்தனை ஆயிரம், இத்தனை லட்சம் மார்க் கொடுத்தது. எல்லாம் உழைக்கும் ஜெர்மானியனின் வரிப்பணம் என்று அறிவிப்பு. பார்க்கிற தொழிலாளிக்கு எப்படி இருக்கும்? அடிவயிறு எரியாதா? 'அடப்பாவிகளா, இந்தக் கிறுக்கலுக்கா என் காசு?' என்று கேட்க மாட்டானா?

நான் பி.காம். படித்தவன். எங்கள் கணக்கியல் வாத்தியார் முதல் வாரத்திலேயே சொன்ன பாடம் ஒன்று உண்டு. தேதி இல்லாத தொகையை நம்பாதே. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு இந்தச் சீட்டைப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தப் படங்களில் பலவும் 1920-களின் ஆரம்பத்தில் வாங்கப்பட்டவை. அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் பணம் வீங்கிய கதை உலகப் பிரசித்தம். 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு ரொட்டியின் விலை 20,000 கோடி மார்க்! நோட்டை எண்ணி மாளாமல் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் அரசாங்கம் புதிய மார்க் வெளியிட்டு, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரே ஒரு புதிய மார்க் என்று கணக்கை முடித்தது.

இப்போது புரிகிறதா? வீங்கிய காலத்துப் பழைய மார்க் விலையை, எந்தக் காலத்துக் காசு என்று சொல்லாமலே 1937-ல் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பார்க்கிறவன் தன் சட்டைப் பையில் இருக்கும் புதிய மார்க்கோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்துப்போனான். சீட்டில் இருந்த எண்ணில் பொய் இல்லை. அந்தத் தொகை உண்மையிலேயே கொடுக்கப்பட்டதுதான். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் பச்சைப் பொய். இத்தனைக்கும் அந்தப் பணவீக்கத்தில் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்தவர்கள்தான் அந்த வரிசையில் நின்றவர்கள். பதினான்கே வருடம். அதற்குள் மறந்துபோனதா, அல்லது கோபம் வந்தால் கணக்கு மறந்துவிடுமா?

இன்னொரு கூத்தும் நடந்தது. 'போர்வீரர்களை இழிவுபடுத்தும் படங்கள்' என்று ஒரு தொகுதி. அதில் ஓட்டோ டிக்ஸின் ஓவியங்கள். இந்த டிக்ஸ் முதல் உலகப் போரில் மெஷின் கன்னோடு பதுங்குகுழியில் கிடந்தவர். தான் பார்த்ததைத்தான் வரைந்திருந்தார். ஃபிரான்ஸ் மார்க் என்ற ஓவியரோ அதே போரில், 1916-ல் வெர்டுன் களத்தில் செத்தே போனவர். அவருடைய புகழ்பெற்ற 'நீலக் குதிரைகளின் கோபுரம்' படத்தையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். முன்னாள் ராணுவ அதிகாரிகளின் சங்கம் சும்மா விடவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனின் படத்தை இங்கே தொங்கவிடுவதா என்று எகிறியது. படம் சத்தமில்லாமல் கழற்றப்பட்டது. பிறகு அது கோயரிங்கின் கைக்குப் போனது. போர் முடிந்தபோது காணவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

எமில் நோல்டேயின் கதை வேறு விதம். இவர் நாஜிக் கட்சியின் உறுப்பினர். தலைவர் மீது விசுவாசம் உள்ளவர். அதனால் தப்பினாரா? இல்லை. அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதலான அவருடைய படைப்புகள் மட்டும் 1,052. வேறு எந்தக் கலைஞருக்கும் அத்தனை போகவில்லை. போருக்குப் பிறகு ரொம்ப காலம் அவரை 'பாதிக்கப்பட்டவர்' என்று மட்டுமே உலகம் கொண்டாடியது. 2019-ல் பெர்லினில் நடந்த ஒரு கண்காட்சி அவருடைய நாஜிப் பற்றையும் யூத வெறுப்பையும் கடித ஆதாரங்களோடு எடுத்து வைத்தது. தன் அலுவலகத்தில் மாட்டியிருந்த இரண்டு நோல்டே படங்களை அன்றைய பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் திருப்பி அனுப்பிவிட்டார். பாதிக்கப்பட்டவர் எல்லோரும் நல்லவர் என்று வரலாறு எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, கூட்டக் கணக்குக்கு வருவோம். நவம்பர் இறுதிவரை நடந்த அந்தக் கண்காட்சிக்கு மியூனிக்கில் மட்டும் வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பக்கத்திலேயே இருந்த ஹிட்லரின் மாளிகைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நவீன ஓவியத்தை நாறடிக்க நடத்திய கண்காட்சி, நவீன ஓவியத்துக்கு அதுவரை கிடைக்காத கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டது!

இதைக் கேட்டு, 'பார்த்தீர்களா, கலை ஜெயித்துவிட்டது' என்று சந்தோஷப்படத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவசரப்படாதீர்கள். வந்தவர்களில் தங்களுக்குப் பிடித்த படங்களைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறக்க முடியாது. சிரித்தவர்களின் சத்தம்தான் கூடம் முழுக்கக் கேட்டது. வாயிலில் ஆட்களை எண்ணிய கணக்கில் இரண்டு தரப்புக்கும் ஒரே எண்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். 1938 மே 31-ல் ஒரு சட்டம் வந்தது. பறிமுதல் செய்த படங்கள் எல்லாம் அரசுக்குச் சொந்தம், நஷ்டஈடு கிடையாது. மொத்தம் சுமார் 20,000 படைப்புகள். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் என்ற ஓவியரின் 639 படைப்புகள் அதில் போயின. அதே வருடம் ஜூனில் சுவிட்சர்லாந்தில் அவர் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார். கண்காட்சியின் கையேட்டு அட்டையில் கேலிப் பொருளாக அச்சிடப்பட்ட பெரிய தலைச் சிற்பத்தைச் செய்தவர் ஓட்டோ ஃப்ராயிண்ட்லிஷ். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் பிடிபட்டு 1943-ல் போலந்தில் இருந்த நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. முதலில் படைப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு வருடத்தில் அதைப் படைத்தவனையே கொன்றார்கள்.

'குப்பை' என்று சொன்னார்களே, அதை வைத்துக் காசு பார்க்காமல் விட்டார்களா? அதுவும் இல்லை. 1939 ஜூன் 30-ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்து ஓட்டல் ஒன்றில் ஏலம். மியூனிக் அருங்காட்சியகத்திலிருந்து போன வான்கோவின் தன்னுருவ ஓவியம் மட்டும் 1,75,000 சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றால் மியூனிக் போய்ப் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும். வரிப்பணத்துக்காகக் கண்ணீர் விட்ட அரசாங்கம், அந்த வரிப்பணத்தில் சேர்ந்த சொத்தை இப்படித்தான் விற்றுத் தீர்த்தது.

இதற்கெல்லாம் பேரேடு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1942 வாக்கில் பிரசார அமைச்சகம் டைப் அடித்து வைத்த பட்டியல். 16,000-க்கும் மேற்பட்ட படைப்புகள். எந்த அருங்காட்சியகம், யார் படைப்பு, எந்த வியாபாரியிடம் போனது, என்ன விலை என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். முழுப் பிரதி ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014-ல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். பல வரிகளின் ஓரத்தில் 'எக்ஸ்' என்று ஒற்றை எழுத்து. அழிக்கப்பட்டது என்று அர்த்தம். இந்த முறை கணக்கைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

கடைசியாக ஒரு தகவல். ஹிட்லரின் அந்த 'சாஸேஜ் கோயில்' போரில் பெரிய சேதமில்லாமல் தப்பியது. 1955-ல் அதே கட்டடத்தில் பிக்காசோ கண்காட்சி நடந்தது. ஹிட்லரின் விமானங்கள் குண்டுவீசி நாசமாக்கிய ஸ்பானிய ஊரைப் பற்றிய 'குவெர்னிக்கா' ஓவியம் அங்கே தொங்கியது. 1962-ல், 'சீரழிந்த கலை'யின் 25-வது வருடத்தை நினைவுகூரும் கண்காட்சியும் அங்கேயேதான் நடந்தது.

அடுத்த தடவை நீங்கள் ஏதாவது ஒரு கண்காட்சிக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். படத்தின் முன்னால் போய் நின்றதும் பக்கத்திலிருக்கும் சீட்டைப் படிக்காதீர்கள். ஒரே ஒரு நிமிஷம் படத்தை மட்டும் பாருங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும், பிடிக்காமலே போகட்டும். அப்புறம் சீட்டைப் படியுங்கள். அதில் ஏதாவது தொகை எழுதியிருந்தால், மறக்காமல் தேதியைத் தேடுங்கள்.