பேராதனைப் பல்கலைக்கழகமும் அனுமதி அளவுகோல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உயர்கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களையும் துணைவேந்தர்களையும் பீடங்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆயின், பொதுமக்களின் பணத்தில் இயங்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக இயல்பை அறிய விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா வேறு. அதனுள்ளே புகுந்தவர் யாவர்? எந்த அளவுகோல் அவர்களைத் தெரிந்தெடுத்தது? அவ்வளவுகோல் எவரை வெளியே நிறுத்தியது? இவ்வினாக்களை முன்வைத்துப் பேராதனையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றம்

1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டதெனினும், முழுமையான பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்ற கோரிக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயக்க வடிவம் பெற்றது. 1906இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தில் பொன்னம்பலம் அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி ஆகியோர் முன்னின்று உழைத்தனர். இதன் பயனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆயினும் அது சொந்தப் பட்டம் வழங்கும் உரிமையற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது.

பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா அமைதல் வேண்டும் என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில், 1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவ்வாண்டு யூலை 1ஆந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் முதலாவது துணைவேந்தரானார். அப்பொழுது மாணவர் தொகை 904 மட்டுமே. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்ட வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற கருத்து பேராதனையில் மகாவலியின் கரையில் உருப்பெற்றது. 1949இல் சட்டத்துறையும் விவசாயத்துறையும், 1952இல் கலை, கீழைத்தேயக் கல்விப் பீடங்களும் அங்கு இடம்பெயர்ந்தன. 1954 ஏப்ரிலில் பிரித்தானிய அரசியின் முன்னிலையில் பேராதனை முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியான அருணாசலத்தின் பெயரை இன்றும் அங்குள்ள மாணவர் விடுதி ஒன்று தாங்கி நிற்கிறது.

2. புலமை மரபு

தமிழ்த்துறையின் வளர்ச்சி இப்பல்கலைக்கழகத்தின் புலமைச் சாதனைகளுள் குறிப்பிடத்தக்கது. 1943இல் சுவாமி விபுலாநந்தர் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவரது மறைவின் பின் 1947இல் அப்பொறுப்பை ஏற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, மொழியியலையும் சாசன ஆய்வையும் தமிழ்க் கல்வியின் பகுதிகளாக்கியதோடு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்களும் எழுதினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் மரபுவழிக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தார். எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் சிங்கள நாடகத்திற் செய்ததற்கு இணையான பணி இது. பேராதனையிற் பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பின்னர் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு நிகழ்த்தித் தமிழிலக்கிய ஆராய்ச்சியைச் சமூக வரலாற்றோடு இணைத்தனர்.

இம்மரபு பெருமைக்குரியதே. ஆயின் அதற்கு அடித்தளமான வதிவிட வாழ்வு மிகச் சிலருக்கு மட்டுமே கிட்டியது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

3. முதலாவது அளவுகோல்: ஆங்கிலம்

தொடக்ககாலத்தில் பல்கலைக்கழகம் தானே நுழைவுப் பரீட்சை நடத்தி மாணவரைத் தெரிந்தது. இத்தெரிவு திறமையை மட்டுமே நோக்கியதென்று பலர் இன்றும் கருதுகின்றனர். ஆனால் அப்பரீட்சை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. 1946இல் நாட்டு மக்களிற் பத்தில் ஒருவர்தானும் ஆங்கிலம் அறிந்திலர். ஆங்கிலப் பாடசாலைகளோ கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய இடங்களிற் குவிந்திருந்தன. பெரும்பாலானவை கட்டணம் அறவிட்டன. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் ஏற்படுத்திய முந்துநிலை அங்குள்ள ஒரு பகுதியினர்க்கே உரித்தாயிற்று. வன்னியும் மன்னாரும் மட்டக்களப்பின் படுவான்கரையும் அதிற் பங்குகொள்ளவில்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் இந்நிலையை மாற்றத் தொடங்கின. 1960இல் சிங்கள, தமிழ் மொழிகளிற் கற்ற மாணவர் கலைப்பீடத்திற் புகுந்தமை இதன் இயல்பான விளைவாகும். சில ஆண்டுகளுக்குள் மாணவர் தொகை பன்மடங்கு பெருகியது. ஆயின் பெருக்கம் கலைத்துறையிலேயே நிகழ்ந்தது. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் இடங்கள் மாணவர் பெருக்கத்திற்கு ஈடாக அதிகரிக்கவில்லை. அவற்றின் போதனாமொழியும் ஆங்கிலமாகவே தொடர்ந்தது. கலைப் பட்டதாரிகள் வேலையின்றித் தேங்கினர். விஞ்ஞானத்துறை இடங்களுக்கான போட்டி வாழ்க்கைப் போராட்டமாகவே மாறிற்று. 1971 ஏப்ரில் கிளர்ச்சியிற் படித்த இளைஞர் பெருந்தொகையாகப் பங்குகொண்டமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

4. இரண்டாவது அளவுகோல்: மொழிவாரிப் புள்ளி

1971ஆம் ஆண்டு அனுமதியின்போது, ஒரே பாடத்தை ஒரே வினாத்தாளின்படி எழுதிய மாணவருக்குப் பரீட்சை மொழிக்கேற்ப வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவத்திற்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 229 போதுமாயிற்று. பேராதனைப் பொறியியற் பீடத்திற்கு இவ்வெல்லைகள் முறையே 250, 227 ஆக அமைந்தன. 1973இல் இது ‘தரப்படுத்தல்’ என்ற புள்ளிவிபரவியல் வடிவம் பெற்றது. ஒவ்வொரு மொழிமூலத்தினரின் புள்ளிகளும் பொது அளவுத்திட்டம் ஒன்றிற்கு மாற்றப்பட்டன. இதனால் ஒவ்வொரு மொழியிலும் தோற்றியோரின் விகிதத்தை ஒட்டியே தெரிவும் அமையலாயிற்று.

இதன் அடிப்படைக் குறை யாது? மொழி வறுமையின் அளவுகோலன்று. கொழும்பின் வசதிமிக்க கல்லூரியிற் சிங்களத்திற் கற்றவனும் மொனராகலைக் கிராமத்து மாணவனும் ஒரே சலுகை பெற்றனர். யாழ்நகரத்து மருத்துவரின் மகனும் முல்லைத்தீவு மீனவரின் மகனும் ஒரே சுமையைச் சுமந்தனர். வர்க்க ஏற்றத்தாழ்வைத் தீர்ப்பதாகக் கூறிய ஏற்பாடு இனப் பிளவையே ஆழப்படுத்தியது. தமிழ் இளைஞர் அரசின் நீதியில் நம்பிக்கை இழந்தமைக்கு இதனினும் பெரிய கல்விசார் காரணம் வேறில்லை.

5. மூன்றாவது அளவுகோல்: மாவட்டம்

1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. 1969இல் விஞ்ஞானத்துறை அனுமதிகளில் 27.5 வீதத்தைப் பெற்ற வட மாகாணத்தின் பங்கு 1974இல் 7 வீதமாயிற்று. மேல் மாகாணத்தின் பங்கும் 67.5 வீதத்திலிருந்து 27 வீதமாகக் குறைந்தது. இவ்விரண்டாவது உண்மை தமிழ் எழுத்துக்களில் அரிதாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. மாவட்ட முறையால் கண்டியச் சிங்களக் கிராமங்கள் மட்டுமன்றி, பின்தங்கிய தமிழ், முஸ்லிம் பகுதிகளும் நன்மை பெற்றன. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மாணவர் மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குச் செல்லும் வாய்ப்பு விரிந்தது. எனவே மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வுநெறியன்று. முன்னையது இனப்பாகுபாடு; பின்னையது குறைபாடுடைய சமூகநீதி முயற்சி.

1976இல் 70 வீதம் புள்ளி அடிப்படையிலும் 30 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட்டன. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் 1972 முதல் நிலவிய ஒற்றைப் பல்கலைக்கழக அமைப்பைக் கலைத்தது. 1979இல் பேராதனை தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அனுமதி பல்கலைக்கழக மானிய ஆணைக்குழுவின் பொறுப்பாயிற்று. அவ்வாண்டிற் புகுத்தப்பட்ட 30, 55, 15 என்ற பங்கீடு பின்னர் மாற்றங்கண்டு, திறமைக்கு 40 வீதம், மாவட்டக் குடித்தொகைக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என இன்று நிலவுகிறது.

மாவட்ட அளவுகோலின் குறையைப் பேராதனையைச் சூழ்ந்த மலைகளே காட்டுகின்றன. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 1970கள் வரை தோட்டப் பாடசாலைகளே கதி. அவை ஆரம்ப வகுப்புக்களோடு முடிந்தன. இலவசக் கல்வியின் பயன் லயத்து வாசலை எட்டவில்லை. ஆனால் நுவரெலியாவின் ஒதுக்கீடு அம்மாவட்டத்தின் மொத்தக் குடித்தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. எனவே தோட்ட மக்களின் தலைகள் எண்ணப்பட்டு இடங்கள் பெருகின. உயர்தர விஞ்ஞான வகுப்புக்கள் இல்லாமையால் அவ்விடங்கள் நெடுங்காலம் பிறரையே சென்றடைந்தன. மாவட்டத்தின் உள்ளே உறையும் வர்க்க வேறுபாட்டை மாவட்டச் சராசரி மறைத்துவிடுகிறது.

அனுமதி பெற்றமையே பாதுகாப்பைத் தந்துவிடவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. 1983 மே மாதத்திற் பேராதனையிலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேற நேர்ந்தது.

6. முடிவுரை

இன்று பேராதனை ஒன்பது பீடங்களைக் கொண்டு விரிந்துள்ளது. யாழ்ப்பாண வளாகம் (1974), 1981இல் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் உயர்வு பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் என்பன புதிய வாயில்களைத் திறந்தன. ஆயினும் அண்மை ஆண்டுகளில் உயர்தரத்தில் தகுதிபெறுவோருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது.

ஆங்கிலம், மொழிவாரிப் புள்ளி, மாவட்டம் ஆகிய மூன்றும் தத்தம் காலத்தில் நீதியின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டன. மூன்றும் அளக்கவேண்டியதை விட்டு, அளத்தற்கு எளியதையே அளந்தன. அளக்கவேண்டியது மாணவனின் குடும்ப வருவாயும் அவன் பயின்ற பாடசாலையின் வசதியுமேயாகும். இவற்றை அளத்தல் இயலாதென்ற வாதம் வலுவற்றது. அனுமதி பெற்றபின் உதவி வழங்குவதற்கு, 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் குடும்ப வருவாயை நோக்குகிறது. வாயிலைக் கடந்தபின் கேட்கும் வினாவை வாயிலிலேயே ஏன் கேட்கலாகாது?

எனினும் அளவுகோலைத் திருத்துவது மட்டும் போதாது. பற்றாக்குறை நிலவும்வரை எவ்வகைப் பங்கீடும் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குக் கொடுப்பதாகவே தோன்றும். அத்தோற்றத்தை இனவாத அரசியல் எளிதிற் பயன்படுத்திக்கொள்ளும். மலையகத்திலும் வன்னியிலும் மொனராகலையிலும் உயர்தர விஞ்ஞான ஆசிரியர்களையும் ஆய்வுகூடங்களையும் ஏற்படுத்துவதும், பல்கலைக்கழக இடங்களைப் பெருக்குவதும் முற்போக்காளரின் ஒருமித்த கோரிக்கையாதல் வேண்டும். இக்கோரிக்கையிற் சிங்களக் கிராமத்து மாணவனும் தோட்டத்துத் தமிழ் மாணவியும் எதிரெதிரே நிற்கவேண்டிய அவசியமில்லை.