ஒரே தையலில் மூன்று நாயகர்கள்

1990-ஐ ஒட்டிய ஒரு கோடை விடுமுறையில், திண்டுக்கல்லில் நோட்டுப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் கடையொன்றில் பன்னிரண்டு காமிக்ஸ் இதழ்களைக் கொடுத்து ஒரே தொகுதியாக பைண்டு செய்து தரச் சொன்னோம். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் கலந்த அடுக்கு அது. கடைக்காரர் அளவு பார்த்து அடுக்கினாரேயன்றிக் கதை பார்த்து அடுக்கவில்லை. ஸ்பைடர் கதையின் எட்டுப் பக்கங்கள் கழன்று போய், இயந்திர மனிதன் ஆர்ச்சியின் கதைக்கு நடுவே தைக்கப்பட்டுவிட்டன. ஆர்ச்சி எதையோ பெயர்த்தெடுக்கக் கையோங்கி நிற்கிறான். பக்கத்தைத் திருப்பினால் வலைத்துப்பாக்கியோடு ஸ்பைடர் நிற்கிறான். நமக்கு அழுகை வந்தது. தெருப் பையன்களோ அதை வரமாகக் கொண்டாடினார்கள். "ரெண்டு பேரும் ஒரே கதையில வர்றாங்கடா" என்று அந்தத் தொகுதியை வீடு வீடாக இரவல் கொண்டு போனார்கள்.

தமிழ்ச் சிறுவர்களுக்குத் தையற்பிழையால் கிடைத்த இந்தச் சந்திப்பை அமெரிக்கப் பதிப்பகங்கள் ஒரு தொழிலாகவே வளர்த்திருந்தன. 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' தன் மூன்றாம் இதழில், 1940-ஆம் ஆண்டு, தனித்தனிக் கதைகளில் உலவிய வீரர்களை ஒரு விருந்து மேசையைச் சுற்றி அமர்த்தியது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கூடிச் செய்த வேலை ஒன்றுமில்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அவ்வளவே. பின்னர்தான் சேர்ந்து போரிடலானார்கள். 1985-86-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த 'கிரைஸிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரில் மார்வ் உல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் டிசி நிறுவனத்தின் ஏறக்குறைய எல்லா நாயகர்களையும் ஒரே பேரழிவுக்குள் இறக்கினார்கள். பல பத்தாண்டுகளாகக் கிளைத்துக் குழம்பிய உலகங்களை ஒன்றாக்குவது அதன் நோக்கம். சூப்பர்கேர்ளும் ஃபிளாஷும் அதில் மடிந்தார்கள். அதே பெரஸ் 2003-04-இல் இரு போட்டி நிறுவனங்களின் அணிகளைச் சேர்த்து வரைந்த 'ஜேஎல்ஏ - அவெஞ்சர்ஸ்' தொடரின் மூன்றாம் இதழ் அட்டையில் இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் திட்டமிட்டுக் கைவிடப்பட்ட அந்தச் சந்திப்பு நடந்தேற இருபது ஆண்டுகள் ஆயின.

தமிழ் படித்தவர்களுக்கு இத்தகைய பக்கங்களைப் பார்த்ததும் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்குகிறார்; ஒவ்வொன்றுக்கும் பெயரும், சிலவற்றுக்கு ஓர் அடைமொழியும் மட்டுமே. ஒரு மலரும் கதையை நகர்த்துவதில்லை. ஆயினும் ஒன்றை விட்டால் மலை குறைந்துவிடும் என்று தோன்றும். பெருங்கூட்டச் சித்திரக்கதையின் இன்பமும் பெரும்பாலும் இந்தப் பட்டியலின்பமே. அதன் பலவீனமும் அதுவே: இருநூறு பேர் நிற்கும் இடத்தில் நான்கு பேருக்குத்தான் வேலையிருக்கும்.

நம் நாயகர்களிடம் வருவோம். 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்தார். 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்க, ஸ்பைடரும் ஆர்ச்சியும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை நீங்கலாக உடல் முழுதும் மறைந்துவிடும் லூயி கிராண்டேல், 1962-இல் 'வேலியண்ட்' இதழில் தோன்றியவர். ஆர்ச்சி 1952-இலிருந்தும் ஸ்பைடர் 1965-இலிருந்தும் 'லயன்' இதழில் வாழ்ந்தவர்கள். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல்தான் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதினார் என்பதை நாம் வெகு காலம் கழித்தே அறிந்தோம். கூர்மண்டையன், சட்டித்தலையன் என்று நாங்கள் கேலி பேசியவர்களுக்கு இப்படியொரு வம்சாவளி!

பிறந்த நாட்டில் இவர்கள் வாரத்துக்குச் சில பக்கங்கள் என்று ஆளுக்கொரு அறையில் அடைபட்டிருந்தார்கள். அந்த இதழ்களும் 1970-களில் ஒன்றோடொன்று இணைந்து மறைந்தன. சிவகாசியிலோ மூவரும் அண்டை வீட்டார். கோடை மலரிலும் தீபாவளி மலரிலும் ஒரே அட்டைக்குள் குடியிருந்தார்கள். ஆனால் ஒருநாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை. பதிப்பாளர் செய்யாத வேலையை நாங்கள் செய்தோம். மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் வெல்வார் என்று மணிக்கணக்காக வாதிட்டோம். 'கரண்டு போச்சுன்னா மாயாவி என்ன பண்ணுவாரு?' என்ற ஒரே கேள்வியில் வாதம் முடிந்துவிடும். திண்டுக்கல் மின்வெட்டை அறிந்தவர்களுக்கு அது சாதாரணக் கேள்வியன்று.

மூவரும் ஒரே கதைக்குள் வந்தது 2005-இல்தான். பிரிட்டிஷ் இதழ்களை வைத்திருந்த ஐபிசி நிறுவனம் 2001-இல் டைம் வார்னர் குழுமத்தின் கைக்குப் போனது. அதே குழுமத்தில் இருந்த டிசியின் ஒரு பிரிவு 'ஆல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடரை வெளியிட்டது. கதைத்திட்டம் ஆலன் மூருடையது. எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். பழைய சித்திரக்கதை மாந்தர் யாவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள், அரசு அவர்களைப் பிடித்து ஒரு கோட்டையில் அடைத்துவிட்டது என்பது கதை. உலகம் மறந்த நாயகர்கள் என்ற துயரம் அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நமக்கு அங்கேதான் சிரிப்பு வந்தது. யார் மறந்தது? அவர்கள் இங்கே மறுபதிப்பு கண்டுகொண்டிருந்தார்கள். பெயர் தெரியாத எத்தனையோ முகங்களுக்கிடையே நம் மூவரை மட்டும் தேடியபடி பக்கங்களைப் புரட்டினோம்.

சிறைக்கோட்டையைப் பற்றிய அந்தக் கதையைத் திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமர்ந்து படிக்கும் ஒருவருக்கு வேறொரு கூட்டணியும் நினைவுக்கு வரத்தான் செய்யும். 1772-இல் கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு, இந்தச் சமவெளியின் மேற்கேயுள்ள விருப்பாட்சி எட்டு ஆண்டுகள் அடைக்கலம் தந்தது. திண்டுக்கல் கோட்டை அப்போது ஹைதர் அலியின் வசம் இருந்தது. 1800-இல் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் தலைமையில் இங்கே உருவான கூட்டமைப்பு, சிவகங்கை மருது சகோதரர்கள், மைசூர்ப் பக்கம் போரிட்ட தூந்தாஜி வாக், மலபாரின் கேரள வர்மா ஆகியோரோடு தொடர்பு கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோற்றது. 1801-க்குள் கோபால நாயக்கர், மருது சகோதரர்கள், ஊமைத்துரை எல்லோரும் கொல்லப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் எழுதிய நூலில்தான் இவர்கள் ஒரே போரின் மாந்தராக முழுமையாகக் கூடினார்கள்.

நம் கதை மரபு அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. கட்டபொம்மனுக்கு ஒரு கதைப்பாடல், சிவகங்கைக்கு ஒரு கும்மி என்று ஊருக்கொரு நாயகனைத்தான் நாம் பாடினோம். 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமும் 'சிவகங்கைச் சீமை' படமும் ஒன்றுக்கொன்று போட்டியாகத் திரைக்கு வந்தன. ஒரு கதையிலிருந்து மறு கதைக்கு நடந்து போனவர் ஊமைத்துரை. வாழ்க்கையில் உண்மையாகவே அப்படி நடந்து போனவர். ஓலையனுப்பி எல்லோரையும் இணைக்கப் பாடுபட்ட கோபால நாயக்கரோ இரண்டு கதைகளிலும் நாயகரல்லர். சித்திரக்கதையில் மாந்தர் கூடுவதற்கு எல்லாருடைய உரிமையும் ஒரு கையில் இருக்க வேண்டியிருந்தது. இங்கே உரிமைச் சிக்கல் ஏதுமில்லை. ஒவ்வொரு சீமையும் தன் வீரனை அடுத்த சீமைக்கு இரவல் தர மனமின்றி வைத்துக்கொண்டது.

சென்ற ஆண்டு வகுப்பில் இதைச் சொல்லி, இவர்களை வைத்து ஒரு சித்திரக்கதைக்கு அட்டை வரைந்து வரும்படி மாணவர்களைக் கேட்டோம். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் கோபால நாயக்கரை நடுவில் பெரிதாகவும் மற்றவர்களைச் சுற்றிலும் வரைந்து வந்தாள். காரைக்குடிக்காரப் பையன் எழுந்து, மருதுபாண்டியர் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறார்கள் என்று கேட்டான். மணி அடித்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை.