அழித்த கோப்பு, நின்றுபோன பேரேடு

2006-ல் ஒரு நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. தேடிப் பார்த்தால் டபிள்யூடிஎம்பி என்ற கோப்பு ஊதிப்போய்க் கிடந்தது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று யூனிக்ஸ் எழுதிவைக்கும் பேரேடு அது. சனியன் தொலையட்டும் என்று அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை.

ஊதியதில் மர்மம் ஒன்றுமில்லை. லினக்ஸில் ஒரு பதிவு 384 பைட். வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. பத்து கிளைகளிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஃப்டிபி வழியாக ஸ்கிரிப்ட் வந்துபோனால் நாளைக்கு 14,400 வருகை, சுமார் 11 எம்பி. ஒரு வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டால் 4 ஜிபி.

இந்தப் பேரேட்டுக்கு யூனிக்ஸின் வயசு. 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் தாம்சனும் ரிட்சியும் எழுதிய முதல் கையேட்டிலேயே இருக்கிறது. அப்போது ஒரு பதிவு 16 பைட்தான். ஆனால் அவர்களுடைய பிடிபி-11 இயந்திரத்தின் டிஸ்க்கே மொத்தம் 512 கேபி. கோப்பு இருந்தால் லாகின் நிரல் அதில் எழுதும். இல்லையென்றால் புதிதாக உருவாக்காது, பேசாமல் இருந்துவிடும். அதாவது கோப்பே சுவிட்ச். 1979-ன் ஏழாம் பதிப்புக் கையேடு இன்னும் தெளிவு: விட்டுவைத்தால் வளர்ந்துகொண்டே போகும், அவ்வப்போது வேண்டியதை எடுத்துக்கொண்டு கோப்பைக் காலி செய்யுங்கள் என்கிறது. நான் படித்திருக்கவில்லை.

அன்று கணினி நேரத்துக்குக் காசு. யார் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது பில் கணக்கு. 1986-ல் பெர்க்லி ஆய்வகத்தில் அந்தக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் அதைத் துரத்திக்கொண்டு போய், ஜெர்மனியிலிருந்து நுழைந்த மார்கஸ் ஹெஸ் என்ற ஊடுருவியைக் கண்டுபிடித்தார். இயந்திரத்துக்குள் இருக்கும் பதிவை வந்தவனே அழித்துவிடலாம் என்பதால், தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டிக் காகிதத்தில் அச்சடித்து வைத்தார்.

என் கதையில் அழித்தது நானே. மூன்று மாதம் கழித்து ஒரு சம்பளக் கோப்பு காணாமல் போனது. பழி, கூட வேலை பார்த்த பையன் மேல். "அண்ணே, அன்னிக்கு ராத்திரி நான் லாகினே பண்ணல. லாக்கைப் பாருங்கண்ணே" என்றான். பார்த்தேன். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவன் உள்ளே வந்தான் என்பதற்கும் சாட்சி இல்லை, வரவில்லை என்பதற்கும் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான்.

செய்திருக்க வேண்டியது ரெண்டே வேலை. நகலெடுத்துச் சுருக்கி வைப்பது. மூலக் கோப்பை அழிக்காமல் காலி மட்டும் செய்வது. லாக்ரொடேட் என்ற நிரல், பழையதைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். 'லாஸ்ட்' கட்டளை கொடுத்தால், பேரேடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடைசி வரியில் காட்டும். புது சர்வர் கைக்கு வந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.