மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட், விழிப்புக் கோளாறுகள் (தோல் ஆலைச் சூழல்)

ரீசெட் கோளாறு என்பது, கருவியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் எதிர்பாராமல் முதலிலிருந்து தொடங்குவது. மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கப்போன சில்லு உரிய நேரத்தில் எழாதிருப்பதும், எழுந்தும் சரிவர இயங்காதிருப்பதும் விழிப்புக் கோளாறு. தோல் ஆலைகள் நிறைந்த வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இவற்றின் விளைவு பெரிது. தோல் கழிவுநீரால் பாலாறு மாசடைந்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. அத்தகைய ஆற்றின் கரையில் கழிவுநீரை அளக்கும் கருவி நின்றுபோனால், அந்நேரம் ஓடிய நீருக்குக் கணக்கில்லை.

சூழல்

தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்நீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். அது செம்பையும் வெள்ளியையும் அரிப்பதால் இணைப்புகளில் மின்தடை கூடும். ஈரமும் உப்பும் படிந்த பலகையில் மின்கசிவு ஏற்படும். தோல் பதனிடும் டிரம்களைச் சுழற்றும் மோட்டார்களின் காண்டாக்டர்கள் (மின்விசைத் தொடுப்பிகள்) இணைந்து பிரியும்போது எழும் மின்னிரைச்சல் ரீசெட் முனையைத் தாக்கலாம்.

காரணம் அறிதல்

ஏடிமெகா328பி சில்லின் எம்சியுஎஸ்ஆர் பதிவேட்டில் நான்கு அடையாளங்கள் உள்ளன: மின்சாரம் புதிதாக வந்தது, ரீசெட் முனை தூண்டப்பட்டது, மின்னழுத்தம் தாழ்ந்தது, வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சில்லை மறுபடி தொடங்கவைக்கும் காலக்கணக்கி) காலம் கடந்தது. நிரல் தொடங்கியதும் இதைப் படித்துச் சேமித்து, பிறகு அழிக்க வேண்டும். நிரலுக்கு முன் ஓடும் பூட்லோடர் முன்னதாகவே அழித்துவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தீர்வுகள்

* மின்னழுத்தம் தாழ்தல்: ஜிஎஸ்எம் மோடம் தரவு அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மோடத்தின் அருகே பெரிய மின்தேக்கியும், தடித்த குறுகிய கம்பிகளும் தேவை.
* ரீசெட் முனை: உள்ளிருக்கும் மேலிழு மின்தடை வலுவற்றது. வெளியே 10 கிலோஓம் சேர்ப்பது நல்லது.
* வாட்ச்டாக்: இதனால் ரீசெட் ஆன ஏடிமெகா328பி-யில் வாட்ச்டாக் மிகக் குறுகிய கால அளவில் தொடர்ந்து ஓடும். அடையாளத்தை அழித்து அதை உடனே நிறுத்தாவிட்டால் ரீசெட் ஓயாது.
* விழிப்பு: ஏடிமெகா328பி-யின் பவர்-டவுன் உறக்கத்தில் சாதாரண டைமர்கள் நின்றுவிடும், வாட்ச்டாக், வெளிக் குறுக்கீடு போன்றவைதான் எழுப்பும். எஸ்டிஎம்32எஃப்103 சில்லு ஸ்டாப் என்னும் உறக்க நிலையிலிருந்து உள் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு எழும். கடிகாரத்தை மறுபடி அமைக்காவிட்டால் தொடர் தகவல் வேகம் மாறி, கருவி செத்ததுபோலத் தோன்றும். அதைவிட ஆழ்ந்த ஸ்டாண்ட்பை உறக்கத்திலிருந்து எழுவதோ ரீசெட்டுக்கு ஒப்பானது. ரேம் நினைவு அழிந்திருக்கும்.

பதிவு

ஒவ்வொரு தொடக்கத்தின் காரணத்தையும் நேரத்தையும் மின்கல அழுத்தத்தையும் மின்சாரம் போனாலும் அழியாத ஈஇப்ராம் நினைவகத்தில் எழுதி வைப்பது பராமரிப்பின் அடிப்படை. தரவில் விழுந்த இடைவெளி பழுதால் வந்ததா, மின்வெட்டால் வந்ததா, யாரோ நிறுத்தியதால் வந்ததா என்பதைப் பிரித்தறிய அப்பதிவு உதவும்.