நாற்றத்தைப் போக்க வந்த வாயு

ஜெராக்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சா லேசா மூக்கைக் குத்துற ஒரு வாசனை வரும், கவனிச்சிருக்கீங்களா? பழைய மெஷின்னா இன்னும் நல்லாவே தெரியும். மெஷின் சூடாகுதுன்னு நினைச்சிருப்போம். அதுல ஓசோனும் உண்டு. இன்னைக்கு எபிசோட் அந்த வாயுவைப் பத்திதான்.

1785. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துல மார்ட்டினஸ் வான் மாரும் ஒரு பெரிய மின்பொறியை ஓட்டிப் பரிசோதனை பண்றார். தீப்பொறி பறக்கும்போதெல்லாம் ஒரு விநோத வாசனை. அதைக் குறிச்சு வைக்கிறார், அதோட சரி. அரை நூற்றாண்டு கழிச்சு, 1839-ல, பேசல் நகரத்தில் கிறிஸ்டியன் ஷோன்பைன் தண்ணீருக்குள்ள மின்சாரம் பாய்ச்சும்போது அதே வாசனை. இது தனிப் பொருள்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். 'வாசம் வீசு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓசோன்'னு பேர் வெச்சார். நாற்றத்துக்காகவே பேர் வாங்கின வாயுவைத்தான் பின்னாடி நாற்றம் போக்க வித்தாங்க!

1857-ல வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோனைத் தொடர்ந்து தயாரிக்கும் கருவியைச் செஞ்சார். 1865-ல, இது மூணு ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுன்னு ஜாக்-லூயி சோரே காட்டினார். அந்த மூணாவது அணு சும்மா இருக்காது, கிடைச்சதோட ஒட்டி அதை ஆக்ஸிஜனேற்றம் பண்ணிடும். தண்ணீர்ல இது வரம். 1906-லேயே பிரான்ஸின் நீஸ் நகரம் குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்க ஆரம்பிச்சது.

காற்றுல? அங்கதான் சிக்கல். 'கடற்கரைக் காற்றில் ஓசோன் இருக்கு, உடம்புக்கு நல்லது'ன்னு அந்தக் காலத்து ஐரோப்பா நம்பியது. உண்மையில் அந்தக் கடல் வாசனையில பெரும்பங்கு கடல்பாசியோடு தொடர்புள்ள ஒரு கந்தகச் சேர்மம். நம்பிக்கை மட்டும் மாறலை. 1911-ல லண்டனின் சுரங்க ரயில்ல, புழுக்க நாற்றம் போகணும்னு ஓசோன் கலந்த காற்றை உள்ளே அனுப்பினாங்க.

1913-ல சிகாகோவின் ஜோர்டன், கார்ல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. மனுஷன் தாங்கக்கூடிய அளவு ஓசோன், காற்றில் இருக்கும் கிருமியைக் கொல்லலை. நாற்றமும் அழியலை. ஓசோனோட வாசனை அதை மூடியது, மூக்கோட உணர்வும் மழுங்கிப்போச்சு. நாற்றம் அங்கேயேதான் இருந்தது, நமக்குத்தான் தெரியலை.

நூறு வருஷம் தாண்டி வருவோம். 2014-ல அமெரிக்காவின் கொலராடோவில் கஞ்சா கடைகள் சட்டபூர்வமாத் திறந்தன. விளக்கு வெளிச்சத்துல, மூடிய அறைக்குள்ள செடி வளர்க்கும் தொழில் பெருகியது. செடி பூக்கும்போது வாசனை தெருவுக்கே வரும், அக்கம்பக்கத்தில் புகார் வரும். பழைய ஓசோன் கருவி இந்த அறைகளுக்கும் வந்தது.

வாசனைக்குக் காரணம் டெர்பீன் எனும் சேர்மங்களும் கொஞ்சம் கந்தகச் சேர்மங்களும். எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீனும் ஒரு டெர்பீன்தான். ஓசோன் டெர்பீனை உடைக்கும், சரி. ஆனா உடையும்போது ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் பிறக்கும். வாசனையா இருந்தது, நுரையீரலுக்குள் போகும் வேறொன்றா மாறிடுது. ஓசோன் அளவு கூடினா செடியோட இலையும் கருகும், அங்கே வேலை செய்றவங்களுக்கு இருமலும் நெஞ்சு வலியும் வரும். ஆபத்து வர்ற முன்னாடி எச்சரிக்க வேண்டிய மூக்கு அதுக்குள்ள பழகிப்போயிருக்கும்.

அமெரிக்கப் பணியிட விதிப்படி எட்டு மணி நேர வேலையில் சராசரி ஓசோன் 0.1 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது. அதாவது, காற்றின் பத்து மில்லியன் பங்கில் ஒரே ஒரு பங்கு. வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான் வெளிவிடும் ஓசோனுக்கு கலிஃபோர்னியா வைத்த வரம்பு அதில் பாதி, 0.05.

அப்போ என்னதான் வழி? கிளர்வூட்டிய கரி. காற்றை அதன் வழியா அனுப்பினா, வாசனை மூலக்கூறுகள் கரியோட நுண்துளைகள்ல ஒட்டிக்கும். புதுசா ஒண்ணும் பிறக்காது. கரி நிரம்பினதும் மாத்தணும், அவ்வளவுதான். அந்தக் கரி செய்ய நல்ல மூலப்பொருள்களில் ஒண்ணு தேங்காய்ச் சிரட்டை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிரட்டையைச் சுட்டு இந்தக் கரியைத் தயாரிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க.

அதனால காருக்கோ, ரூமுக்கோ 'ஓசோன் ட்ரீட்மென்ட்'னு யாராவது சொன்னா ஒரு கேள்வி கேளுங்க: "அந்த நேரத்துல உள்ளே யாரும் இருக்கமாட்டாங்கதானே? முடிஞ்சதும் நல்லா காத்தாட விடுவீங்களா?" பதில் சரியா வரலைன்னா, ஜன்னலைத் திறந்து வைக்கிறதே மேல்.